தலைமன்னார்த் துறையின் கதி என்ன?

மதவாச்சிச் சந்தியிலே, வடக்கு நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையினின்றும் ஒரு கிளை மேற்கே பிரிகின்றது. செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் ஆகிய இடங்களைக் கடந்து, கடல்மீது அமைந்த பாலத்தால் மன்னார்த் தீவை அடைந்து, பேசாலை வழியாகச் சென்று, ஏறக்குறைய 106 கிலோமீற்றர் ஓடிய பின்னர், நிலம் முடியும் இடத்திலே அதுவும் முடிகின்றது. அம்முடிவிடத்தின் பெயர் தலைமன்னார் பியர். 'பியர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இறங்குதுறை என்பது பொருள். அவ்வூருக்குத் தனிப்பெயர் ஒன்று சூட்டவும் எவரும் முன்வந்தாரில்லை. அது செய்யும் தொழிலின் பெயரே அதன் பெயராயிற்று. அதன் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு சொல்லிலே அடங்கிக் கிடக்கின்றது எனின் மிகையாகாது.

ஊர் முன்னே தோன்றும். பாதை பின்னே வரும். இதுவே உலக வழக்கம். யாழ்ப்பாணமும் அநுராதபுரமும் புகையிரதத்துக்காகக் காத்திருந்த ஊர்கள் அல்ல. ஆனால் தலைமன்னார்த் துறையோ இவ்வழக்கத்துக்கு மாறானது. தலைமன்னார் என்னும் மீனவர் ஊர் பழமையானது என்பது உண்மையே. வலையும் பனையும் அவ்வூர் மக்களை வாழவைத்தன. ஆயினும் அவ்வூருக்கு அப்பால், கடலோரத்திலே, தனியானதொரு நிலையத்தையும் சுங்கச் சாவடியையும் உத்தியோகத்தர் விடுதிகளையும் கடைகளையும் கொண்டு எழுந்த சிற்றூர், தண்டவாளம் பெற்ற பிள்ளை. 1914 ஆம் ஆண்டுக்கு முன் அது இல்லை. அவ்வாண்டு பெப்ரவரி 24 ஆம் நாள், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோதே அதுவும் பிறந்தது.

யாருக்காக இந்தப் பாதை இடப்பட்டது? மன்னார் மக்களின் நன்மைக்காகவா? மாந்தையும் முருங்கனும் செழிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலா? அன்று. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். தென்னிந்தியாவிலே பஞ்சமும் சாதிக்கொடுமையும் கடனும் வாட்டிய மக்கள் ஆயிரமாயிரமாக இருந்தனர். அவர்களை இங்கே கொணர்வதற்கு ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழி முன்னர் எவ்வாறு இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மன்னார்க் கரையிலே தோணிகளில் வந்திறங்கிய அம்மக்கள், நீரும் நிழலும் அரிதான காட்டுப் பாதையிலே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகக் காத்திருந்தன. நடக்க முடியாதவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டனர். கோப்பித் தோட்டங்களின் இலாபக் கணக்கிலே அவர்களுடைய சாவுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை. இந்த நிலைமையோடு ஒப்பிடின், புகையிரதமும் கப்பலும் பெரியதொரு முன்னேற்றமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்முன்னேற்றத்தின் நோக்கம் மனிதனை மனிதனாக மதிப்பது அன்று. வேலையாளைச் சேதமின்றித் தோட்டத்திற் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

அக்கரையிலே மண்டபம் என்னும் இடத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாமை நடத்தியது. அங்கே தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, நோயில்லை எனக் கண்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். இரு கரைகளையும் இணைத்த முதற் கப்பல்களுக்கு எல்ஜின், கர்சன், ஹார்டிங் என்று பெயர். பின்னர் வந்தவற்றுக்கு இர்வின், கோஷன் என்று பெயர். ஆளவந்த துரைமார்களின் பெயர்கள் கப்பல்களுக்கு வாய்த்தன. கப்பல் வந்து நின்ற ஊரோ வெறும் 'பியர்' ஆகவே நின்றது.

ஆயினும் அக்காலத்தை ஒரு கண்ணால் மட்டும் நோக்குதல் நேர்மையாகாது. துரைமார்கள் தமது தேவைக்காகத் திறந்த வாசலை மக்கள் தமது வாழ்வுக்கான வாசலாக ஆக்கிக்கொண்டனர். சென்னை எழும்பூரிலே ஒரு பிரயாணச் சீட்டைப் பெற்றவர், அதே சீட்டோடு தனுஷ்கோடிக்கு வந்து, கப்பலேறி, தலைமன்னாரிலே மறுபடியும் புகையிரதமேறி, கொழும்புக் கோட்டையிலே இறங்கலாம். 'போட் மெயில்' என்று இரு நாட்டாரும் அதனை அழைத்தனர். வியாபாரிகள் சென்றனர், மாணவர் சென்றனர், இராமேசுவரத்துக்கும் கதிர்காமத்துக்கும் யாத்திரிகர் சென்றனர். கடிதங்களும் பத்திரிகைகளும் சென்றன. கடலிலே ஏறக்குறைய இருபது மைல் தூரமே. ஏழையும் கொடுக்கக்கூடிய கட்டணத்திலே, கையிலே ஒரு மூட்டையோடு, உற்றார் வீட்டுக் கலியாணத்துக்கோ செத்த வீட்டுக்கோ போய்வரக்கூடிய வழி அது ஒன்றே. அந்த வழியின் நடுவிலே இருந்தமையால் தலைமன்னார்த் துறையும் வாழ்ந்தது. சுமை தூக்கினோரும், தேநீர்க் கடை வைத்தோரும், சுங்கத்திலும் புகையிரதப் பகுதியிலும் கடமை புரிந்தோருமாகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே கூடி வாழ்ந்தனர். கப்பலின் நேரமே அவ்வூரின் கடிகாரம்.

இனி அந்த வாசலின் கதவு திரும்பிய கதையைக் கூறவேண்டும்.

1939 ஓகஸ்டிலே இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. மலைநாட்டைப் பொன்விளையும் பூமியாக்கிய இலட்சக்கணக்கான மக்கள், தாம் பிறந்த நாட்டிலேயே நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டிலே அவர்களுடைய வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பது என்றும், எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பது என்றும் முடிவுசெய்தனர். 1974 ஆம் ஆண்டிலே அந்த எஞ்சியோரும் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். நெல்லையும் தேங்காயையும் பங்கிடுவோர்கூட இத்துணை எளிதாகப் பங்கிடமாட்டார்கள்.

ஒப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு மாதங்கள் நிறைவெய்தவில்லை. 1964 டிசம்பர் 22 ஆம் நாளிரவு பெருஞ் சூறாவளி எழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதத்தைக் கடல் விழுங்கியது. அதிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. அது மக்கள் வாழத் தகாத இடமெனச் சென்னை அரசாங்கம் அறிவித்தது. பாம்பன் பாலத்தைச் சில வாரங்களிலே செப்பனிட்டவர்கள், தனுஷ்கோடிப் பாதையைத் திரும்ப இடவில்லை. தலைமன்னாரும் தனுஷ்கோடியும் ஒரே நாளிலே இணைக்கப்பட்ட இரட்டைத் துறைகள். ஒன்றைக் கடல் ஓரிரவிலே கொண்டது. மற்றதை மனிதர் மெல்ல மெல்லக் கொன்றனர்.

அதன் பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அந்தக் கப்பலிலே யார் ஏறினர்? அட்டனிலும் நானுஓயாவிலும் பதுளையிலும் புகையிரதம் புறப்படும்போது, நிலையங்களிலே எழுந்த அழுகையைக் கண்டோர் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டனர். ஒரே குடும்பத்திலே தந்தைக்கு இந்தியப் பிரஜாவுரிமை, மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தாய் போகின்றாள், மகன் நிற்கின்றான். தம் பாட்டன் எந்தத் துறையிலே வந்திறங்கினானோ அதே துறையிலே, தாம் ஒருபோதும் கண்டறியாத 'தாயகத்துக்கு'ப் போகும்படி அவர்கள் ஏற்றப்பட்டனர். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மிதித்த கடைசி இலங்கை மண் தலைமன்னார் மண்ணே. அக்கரையிலே அவர்களை எதிர்கொண்டதும் அதே மண்டபம் முகாம்தான்!

வருவோரை எண்ணி இறக்குவதற்கு ஒரு துறை. வேண்டாம் என்றபோது எண்ணி ஏற்றுவதற்கும் அதே துறை. இதுதான் அத்துறைக்கு இரு அரசாங்கங்களும் வகுத்த வேலை. எஞ்சி நின்றோருக்கு 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களாற் பிரஜாவுரிமை கிடைத்தது. நல்லதே. ஆனால் கப்பலேறிப் போனவர்களின் கண்ணீரை எந்தச் சட்டம் திருப்பித் தந்தது?

1984 ஆம் ஆண்டளவிலே உள்நாட்டுப் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. 1990 ஆம் ஆண்டிலே புகையிரதமும் நின்றது. பாலங்கள் சிதைந்தன, தண்டவாளங்கள் மறைந்தன, நிலையக் கட்டடங்கள் பாழடைந்தன. அதன் பின்னரும் மக்கள் கடலைக் கடந்தனர். சீட்டோடு அன்று, இரவிலே, மீன்பிடி வள்ளங்களிலே, குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு. சிலரை ஓட்டிகள் நடுக்கடலின் மணற்றிட்டுக்களிலே இறக்கிவிட்டுச் சென்றனர். உயிர் தப்பி அக்கரை சேர்ந்தோரை வரவேற்றது எது? மீண்டும் அதே மண்டபம் முகாம்.

இவ்விடத்திலே நாம் ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். 1990 ஒக்டோபரிலே மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் அனைவரும், தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியோரால், தத்தம் வீடுகளினின்றும் துரத்தப்பட்டனர். தலைமன்னாரும் அக்கொடுமைக்கு விலக்கன்று. மலைநாட்டு மக்களை அவர்கள் பிறந்த மண்ணினின்றும் பெயர்த்ததைக் கண்டிக்கும் நாம், நம் அயலாரைப் பெயர்த்ததைப் பற்றி மௌனம் சாதிப்போமாயின், நம் கண்டனத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? அநீதி செய்தவன் யார் என்று பார்த்து அநீதியை அளப்பவன் நீதியைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கின்றான்.

போர் முடிந்தது. இந்திய அரசாங்கத்தின் கடனுதவியோடு பாதை மீண்டும் இடப்பட்டது. 2013 மே மாதத்திலே மடு வீதி வரையும், 2015 மார்ச் 14 ஆம் நாள் தலைமன்னார் பியர் வரையும் புகையிரதம் வந்தது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நேரிலே வந்து கொடியசைத்தார். இருபத்தைந்தாண்டுகளின் பின் வண்டியின் ஊதல் கேட்ட ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் வண்டியினின்றும் இறங்கியவர் எங்கே போவது? முன்னாலே கடல். கப்பல் இல்லை. கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். அக்கரையிலோ 2025 ஏப்ரிலிலே புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இரு பக்கத்திலும் கோடிகோடியாகச் செலவிட்டுப் பாதைகளைக் கடல்விளிம்பு வரை கொண்டுவந்தோர், இடையிலுள்ள இருபது மைலுக்கு ஒரு கப்பலை விட இத்துணை ஆண்டுகள் தயங்கியது ஏன்?

2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. சில நாள்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டிலே மறுபடியும் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரிலே இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையிலே, இராமேசுவரம் - தலைமன்னார் சேவையையும் விரைவில் மீளத் தொடங்க முயல்வதாகக் கூறப்பட்டது. அறிக்கைகளிலே கப்பல் விடுவது எளிது. கடலிலே விடுவதுதான் அருமை.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் நோக்குவோம். கப்பல் விட்டாற் கடத்தலும் கள்ளக் குடியேற்றமும் பெருகும் என்கின்றனர் சிலர். எழுபது ஆண்டுகள் சுங்கமும் வைத்தியப் பரிசோதனையும் நடந்த துறை அது. நேர்வழியை அடைத்தால்தான் கள்ளவழி செழிக்கும். இரவிலே வள்ளத்தில் ஏறியவன், பகலிலே ஏறக் கப்பல் இல்லாமையால் அன்றோ ஏறினான்? ஆகாய விமானம் இருக்கக் கப்பல் எதற்கு என்கின்றனர் வேறு சிலர். இது விமானத்திற் போகிறவர்களின் கேள்வி. ஐந்து பேர் கொண்ட குடும்பம் மூட்டை முடிச்சோடு இராமேசுவரம் போய்வர விமானத்துக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பாலம் அமைத்து இந்தியா நம்மை விழுங்கிவிடும் என்று தெற்கிலே சிலர் அச்சுறுத்துகின்றனர். நாம் இங்கே பாலத்தைக் கேட்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலும், சுதந்திர இலங்கையிலே எல்லாக் கட்சியாரின் ஆட்சியிலும் ஓடிய ஒரு கப்பலையே கேட்கின்றோம்.

ஆயினும், கப்பல் ஒன்று வந்துவிட்டாற் போதும் என்று நாம் கூறவரவில்லை. இவ்வூரின் வரலாறு கற்பிக்கும் பாடம் வேறு. 1914 ஆம் ஆண்டிலே தோட்டங்களுக்காகத் துறை திறந்தது. 1964 ஆம் ஆண்டின் பின் ஒப்பந்தத்துக்காக அது பயன்பட்டது. 2015 ஆம் ஆண்டிலே இரு அரசாங்கங்களின் நட்புக்குச் சான்றாக அது காட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது பிறருடைய காரியத்துக்கு ஒரு வாசலாகவே கொள்ளப்பட்டது. வாசலிலும் மனிதர் வாழ்கின்றனர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்தாரில்லை. பாதையை இட்டபோதும் அவர்களைக் கேட்கவில்லை. பாதை மறைந்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை.

ஒரு பாதையை இட்டு, அதனை நம்பி மக்களைக் குடியேறச் செய்த அரசாங்கம், அம்மக்களுக்குக் கடன்பட்டது. இலாபம் வரும்போது மட்டும் ஓடி, வராதபோது தண்டவாளத்தைக் கடலரிக்க விடுவது வியாபாரியின் செயலாகலாம், அரசாங்கத்தின் செயலாகாது. ஆகவே, கப்பல் மீண்டும் வரும்போது செய்யவேண்டியவை சில உண்டு. கட்டணம் கூலிக்காரனுக்கும் எட்டுவதாக இருக்கவேண்டும். புகையிரதமும் கப்பலும் ஒன்றுக்கொன்று நேரம் பொருந்தி ஓடவேண்டும்; முன்போல ஒரே சீட்டிற் பிரயாணம் செய்ய வசதி வேண்டும். துறையிலே தோன்றும் வேலைகள் முதலில் அவ்வூர் மக்களுக்கே கிடைக்கவேண்டும். கப்பற்பாதை வகுக்கும்போது மீனவரின் வலைக்கும் வள்ளத்துக்கும் இடையூறு நேராதவாறு அவர்களைக் கேட்டே வகுக்கவேண்டும். துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் தம் காணியிலே நிலைபெறுவதற்கான உதவிகள் குறைவின்றிச் செய்யப்படவேண்டும்.

மற்றும் ஒன்று. அத்துறையிலே ஒரு கல் நாட்டப்படவேண்டும். அங்கே வந்திறங்கி மலையேறியவர்களுக்கும், அங்கேயே கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டவர்களுக்குமாக ஒரு நினைவுக்கல். அதிலே எந்த மந்திரியின் பெயரும் வேண்டாம். மூன்று மொழிகளிலும் இரண்டு ஆண்டெண்களைப் பொறித்தாற் போதும்: 1914, 1984. வருகின்ற பிரயாணி அதனைப் பார்த்து, இது என்ன என்று கேட்கட்டும். ஊரார் சொல்லட்டும்.

கொழும்பிலிருந்து இரவு முழுதும் ஓடிவந்த வண்டி, தலைமன்னார்த் துறையிலே நின்றது, கடல் தொடங்கும் இடம் அது என்பதனால் அன்று. கடலுக்கு அப்பாலும் வழி இருந்தது என்பதனால். அந்த வழியை மீண்டும் திறப்பது இரு அரசாங்கங்களின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. மன்னாரும் மலைநாடும் இதனை ஒரே குரலிற் கேட்குமாயின், கேளாச் செவிகளும் கேட்கும்.